மணியாச்சி ரயில் நிலையம் ஏன் இவ்வளவு பெயர் பெற்றது?

தூத்துக்குடி மாவட்டத்துச் சிற்றூரான மணியாச்சியில் மதுரையிலிருந்து வரும் பாதை திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்குமாகப் பிரிகிறது. அந்தச் சந்திப்புதான் 1911 நிகழ்வுக்கும் களம் அமைத்தது.

திருநெல்வேலியிலிருந்து வந்த பிரிட்டிஷ் கலெக்டர் ஆஷ், கொடைக்கானல் செல்வதற்காகத் தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய போட் மெயில் என்ற ரயிலின் இணைப்புக்கு முதல் வகுப்புப் பெட்டியில் மனைவியுடன் காத்திருந்தபோது, ஜூன் 17 அன்று, விடுதலைப் போராட்ட வீரர் வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறி அவரைச் சுட்டுக் கொன்றார். பிறகு நடைமேடைக் கழிப்பறைக்குள் ஓடித் தம்மையும் சுட்டுக்கொண்டார். வண்டி மாறும் நேரம் என்பதை அறிந்தே இடம் தேர்ந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

நிலையத்தின் இன்றைய பெயர் வாஞ்சி மணியாச்சி. சென்னை–தூத்துக்குடி முத்துநகர் விரைவு வண்டி இங்கே நின்று செல்கிறது.