'சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம்' என்றால் என்ன?

இரண்டு வேலைகள் வெவ்வேறாக இருக்கலாம். ஆனால் அவை கேட்கும் திறமை, உழைப்பு, பொறுப்பு ஆகியவை ஏறக்குறைய ஒரே அளவு என்றால், ஆண் பெண் பார்க்காமல் ஒரே ஊதியம் தர வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1951-ஆம் ஆண்டு உடன்படிக்கை இதைத்தான் சொல்கிறது; இந்தியா 1958-இல் அதை ஏற்றது.

'ஒரே வேலைக்கு ஒரே கூலி' என்றால் போதாதா? போதாது. பல இடங்களில் ஆண்களும் பெண்களும் ஒரே வேலையில் இருப்பதே இல்லை. சமையல், தையல், பராமரிப்பு எல்லாம் 'வீட்டில் செய்வதுதானே' என்று மலிவாக எடைபோடப்படுகின்றன.

இங்கிலாந்தில் கேமல் லேர்ட் கப்பல் கட்டும் தளத்தின் உணவகத்தில் ஜூலி ஹேவர்ட் சமையல்காரராக இருந்தார். அங்கிருந்த பெயின்டர், தச்சர் வேலைகளுக்குத் தன் வேலையும் சமம் என்று வழக்குத் தொடர்ந்தார். தனி வல்லுநர் மதிப்பிட்டு, சமம்தான் என்றார். 'இலவசச் சாப்பாடு, விடுப்பு எல்லாம் தருகிறோமே' என்றது நிறுவனம் (சமைப்பவருக்கே சாப்பாட்டுக் கணக்கு!). அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அதை ஏற்கவில்லை. 1988-இல் அவர் வென்றார்.

மளிகைக் கடையில் வெல்லமும் பருப்பும் ஒரே விலைக்கு விற்கலாம். அதனால் வெல்லம் பருப்பாகிவிடாது. வேலைகளும் அப்படித்தான்.

எல்லோருக்கும் ஒரே சம்பளம் என்று இதைப் புரிந்துகொள்கிறார்கள். அப்படியல்ல, அனுபவத்துக்கோ இரவுப் பணிக்கோ கூடுதலாகத் தர எந்தத் தடையும் இல்லை.