கிரவுண்ட் மூடினதுல இருந்து நான் நானா இல்ல மேடம்

மேடம், எனக்கு 19 வயசு, 400 மீட்டர் ஓடுறேன். எங்க ஸ்டேடியத்துல சிந்தடிக் டிராக் மாத்துறோம்னு தோண்டிப் போட்டாங்க, அதுக்குள்ள மழை வந்து வேலை அப்படியே நிக்குது. காலைல அஞ்சு மணிக்கு முழிப்பு வந்துடுது, எந்திரிச்சு எங்க போறதுன்னு தெரியாம படுத்தே கிடப்பேன், போன எடுத்தா வேற ஊர் பொண்ணுங்க பிராக்டிஸ் வீடியோ போட்டிருக்காங்க, பார்த்ததும் வயித்தப் பிசையுது. வெயிட் போட்டுடுமோன்னு பயந்து சாப்பாட்டையும் குறைச்சுட்டேன். அம்மாகிட்ட சும்மா சும்மா எரிஞ்சு விழுறேன். சேர்த்து வச்ச ஸ்பீடெல்லாம் போயிடுமா? நான் சோம்பேறி ஆயிட்டேனா?

ஆலோசகர் பதில்:

சோம்பேறிக்கு அஞ்சு மணிக்கு முழிப்பு வராதும்மா. இத்தனை நாளா உங்க தூக்கம், பசி, ஃப்ரெண்ட்ஸ், கோச் போடுற சத்தம் எல்லாமே அந்தக் காலை நேரத்தைச் சுத்தித்தான் இருந்துச்சு, அது நின்னதும் மனசு பிடிமானம் இல்லாம தவிக்குது, அந்தத் தவிப்புதான் அம்மா மேல எரிச்சலா வருது.

ஸ்பீடு பத்தின பயத்துக்கு வரேன். பயிற்சி நின்னா முதல்ல குறையுறது தம்முதான், பலம் அவ்வளவு சீக்கிரம் இறங்காது, குறைஞ்சதுகூட முதல் தடவைய விட வேகமா திரும்ப வரும். 2020 லாக்டவுன்ல நம்ம ஆண்கள் ஹாக்கி டீம் பெங்களூரு சாய் (இந்திய விளையாட்டு ஆணையம்) சென்டர்லயே மாட்டிக்கிட்டாங்க, டர்ஃப்ல ஆட முடியல, ரூம்லதான் எக்சர்சைஸ். அடுத்த வருஷம் டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல வெண்கலம், அதுவும் 41 வருஷம் கழிச்சு வந்த ஒலிம்பிக் மெடல்.

அதனால அஞ்சு மணிய விட்டுடாதீங்க. எந்திரிச்சு வார்ம் அப், டிரில்ஸ், வயிறு இடுப்பு பலத்துக்கான கோர் வொர்க் பண்ணுங்க, கூட ஓடுற ஒரு பொண்ணையாவது சேர்த்துக்கோங்க, தனியா பண்ணினா ரெண்டு நாள்ல விட்டுப்போகும். பதட்டத்துல தார் ரோட்ல ஸ்பிரிண்ட் அடிக்காதீங்க, கணுக்காலுக்கு மேல முன்னெலும்பு வலி வந்துச்சுன்னா டிராக் திறந்தப்புறமும் உட்காரணும்.

இன்னொன்னு, கண்ண மூடிட்டு ஸ்டாப்வாட்ச் அழுத்தி முழு ரேஸையும் மனசுல ஓடுங்க. பிளாக்ல கால் வைக்கிறது, முதல் வளைவு, 300 தாண்டி தொடை கனக்குறது, எல்லாம் வரணும். முடிச்சுட்டு பாருங்க, உங்க நிஜ டைமிங்க்கு பக்கத்துல வந்தா சரியா பண்றீங்கன்னு அர்த்தம். முன்னாடியே முடிஞ்சா எங்கயோ அவசரப்பட்டிருக்கீங்க, மறுபடி ஓடுங்க.

எனக்கு ரொம்ப கவலையா இருக்குறது சாப்பாடுதான். குறைக்கவே வேணாம்மா, பீரியட்ஸ் தள்ளிப்போயிருந்தா உடனே டாக்டர பாருங்க. அழுகையும் தூக்கமின்மையும் ரெண்டு வாரத்துக்கு மேல போனா, வாழவே பிடிக்கலன்னு தோணினா அன்னிக்கே, 14416க்கு கூப்பிடுங்க, அது டெலி மானஸ்ங்கிற அரசு மனநல ஹெல்ப்லைன், இலவசம், தமிழ்லயே பேசலாம். கோச்கிட்டயும் இந்த லெட்டர்ல எழுதினத அப்படியே சொல்லுங்க.