பழைய பைக் படுத்தும் பாடு: கேள்விகளும் பதில்களும்

கை மாறி வந்த வண்டியில் இருக்கும் கோளாறில் பாதி, வண்டி சும்மா நின்றதால் வந்தது. மீதிப் பாதி முன்னால் வைத்திருந்தவர் கைவைத்ததால் வந்தது. அதனால் பாகம் எதையும் வாங்குவதற்கு முன் என்னிடம் கேளுங்கள்.

கேள்வி: அண்ணா, ஆறு மாதம் நின்ற வண்டியை வாங்கினேன். சோக் போட்டால் ஓடுகிறது, சோக்கை எடுத்ததும் அணைந்துவிடுகிறது. கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: மாற்றாதீர்கள். சோக் போட்டால்தான் ஓடுகிறது என்றால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம், அதுவும் ஐடிலிங்கில் (ஆக்சிலேட்டரை முறுக்காமல்) ஓடாவிட்டால் பைலட் ஜெட் (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் குட்டித் துளைக் குழாய்) அடைத்திருக்கும். நின்ற பெட்ரோல் வற்றிப் பிசின் மாதிரி ஆகிவிடும், அந்த ஜெட்டின் துளையோ தலைமுடி நுழையும் அளவுதான். கழற்றி வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள். துளை வட்டமாகப் பளிச்சென்று தெரிய வேண்டும். மங்கலாகவோ பிறை மாதிரியோ தெரிந்தால் இன்னும் அழுக்கு இருக்கிறது. கார்புரேட்டர் கிளீனர் அடித்து ஊறவிட்டுக் காற்றடியுங்கள். இரும்புக் கம்பி விட்டுக் குத்த வேண்டாம், துளை பெரிதாகிவிட்டால் பிறகு மைலேஜ் போச்சு. மிக்சர் ஸ்க்ரூவை (பெட்ரோல், காற்றுக் கலவையைச் சரிசெய்யும் திருகு) கழற்றுவதற்கு முன் அதை மெதுவாக உள்ளே முடுக்கி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எழுதி வையுங்கள். இதைச் செய்யாமல் கழற்றிவிட்டு அப்புறம் வந்து கேட்பவர்கள்தான் அதிகம்.

கேள்வி: பத்து நிமிடம் நன்றாக ஓடுகிறது, திடீரென்று நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. காயில் போய்விட்டதா?

பதில்: ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் காயிலாகவும் இருக்கலாம், ஆனால் இதே மாதிரி ஏமாற்றும் இன்னொன்றும் இருக்கிறது. டேங்க் மூடியில் காற்று போக ஒரு சின்ன வழி உண்டு. அது அடைத்தால் பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி, ஒரு கட்டத்தில் இறங்குவதே நின்றுவிடும். நிறுத்தி வைத்தால் மெல்லக் காற்றுப் புகுந்து சரியாகிவிடும். வண்டி நின்ற அந்த நொடியில் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, உடனே ஸ்டார்ட்டும் ஆனால் மூடிதான் குற்றவாளி.

சத்தம் இல்லையா? சூடு ஆறுவதற்குள் பிளக்கைக் கழற்றி, பிளக் வயரின் கேப்பில் மாட்டி, பிளக்கின் மரை இன்ஜின் உலோகத்தில் படும்படி வைத்துக் கிக் செய்யுங்கள் (பிளக் துளையை விட்டுத் தள்ளியே வையுங்கள், அங்கிருந்து பெட்ரோல் ஆவி வரும்). அப்போது ஸ்பார்க் இல்லாமல், ஆறியபின் வந்தால் காயில் மீது சந்தேகப்படலாம். நான் ஒருமுறை காயிலை மாற்றி, பிளக்கை மாற்றி, இரண்டு வாரம் அலைந்துவிட்டுக் கடைசியில் பார்த்தால், மூடியின் துளையில் மெழுகுப் பாலிஷ் காய்ந்து கிடந்தது. வண்டியை விற்பதற்காகப் பளபளப்பாக்கியிருக்கிறார்கள்!

கேள்வி: பிளக் கறுப்பாக இருக்கிறது. இன்ஜின் வேலையா?

பதில்: விரலால் தேய்த்துப் பாருங்கள். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம்: ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது சோக் முழுதாகத் திரும்பாமல் இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ஆயில் மேலே ஏறுகிறது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப்புகை என்றால் பெரும்பாலும் வால்வு சீல் (வால்வு வழியே ஆயில் இறங்காமல் தடுப்பது), ஆக்சிலேட்டரை முறுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங். உங்களுக்கு எது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: செல்ஃப் அடித்தால் 'டக்' என்ற சத்தம் மட்டும்.

பதில்: பெரும்பாலும் பேட்டரி. முதலில் டெர்மினலைக் கழற்றிச் சுரண்டி இறுக்குங்கள். முழு சார்ஜில் 12.6 வோல்ட் அளவு காட்ட வேண்டும், இன்ஜின் ஓடும்போது 14ஐ ஒட்டி வர வேண்டும். அந்த 14 வரவில்லை என்றால் பேட்டரி சார்ஜ் ஆகவில்லை, புதுப் பேட்டரியும் இறங்கித்தான் போகும்.

கேள்வி: முறுக்கினால் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. போன வாரம்தான் ஆயில் மாற்றினேன்.

பதில்: என்ன ஆயில் தம்பி ஊற்றினீர்கள்? காருக்கான ஆயிலா? பெரும்பாலான பைக்கில் கிளட்ச் பிளேட் அதே ஆயிலில்தான் ஊறிக் கிடக்கிறது, உராய்வைக் குறைக்கும் சரக்கு கலந்த ஆயில் ஊற்றினால் வழுக்கும். டப்பாவில் ஜாஸோ எம்ஏ (JASO MA) அல்லது எம்ஏ2 (MA2) என்று, அதாவது ஆயிலில் ஊறும் கிளட்சுக்கான தரக்குறி, இருக்கிறதா பாருங்கள். ஆயில் சரி என்றால், கிளட்ச் லீவரில் கொஞ்சமாவது ப்ளே (தளர்வு) இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால்தான் பிளேட் தேய்மானம் பற்றிப் பேச வேண்டும்.

கேள்வி: எஃப்ஐ வண்டிக்கும் (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் இருப்பது) இதெல்லாம் பொருந்துமா?

பதில்: ஜெட், சோக் கதை பொருந்தாது. சாவியைத் திருப்பியதும் டேங்கிலிருந்து இரண்டு நொடி 'ங்ங்' என்று பம்ப் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். வரவில்லை என்றால் முதலில் ஃபியூஸ்.

கேள்வி: நாளைக்கு ஒரு வண்டி பார்க்கப் போகிறேன் சார். ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள்.

பதில்: போனதும் இன்ஜினில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், ஸ்டார்ட்டிங் கோளாறு இருந்தாலும் தெரியாது. ஆறும்வரை ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள், அப்புறம் நீங்களே கிக் செய்யுங்கள்.