நின்றால் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது: ரேடியேட்டரை மாற்றும் முன்

கேள்வி: என் பெட்ரோல் காருக்கு 19 வயது ஆகிறது. நெரிசலில் நின்று நின்று போனால் டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டருகே போய்விடுகிறது. வேகமெடுத்தால் தானாக இறங்குகிறது. மெக்கானிக் முதலில் தெர்மோஸ்டாட்டைக் (இன்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்கு நீரைத் திறந்துவிடும் வால்வு) கழற்றிப் போட்டார். ஒரு வாரம் தேவலை, அப்புறம் பழைய கதைதான். இப்போது ரேடியேட்டரையே மாற்றச் சொல்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். வண்டி எப்போது சூடாகிறது என்பதைச் சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். பழுதைத் தேட அதைவிட நல்ல துப்பு கிடையாது.

ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். நின்றால் அந்த வேலை முழுவதும் ஃபேன் தலையில் விழுகிறது. அதனால் முதல் சந்தேகம் ஃபேன் மேல்தான். இதற்கு நேர்மாறாக, ஊருக்குள் ஒழுங்காக ஓடிவிட்டு நெடுஞ்சாலையிலும் மேட்டிலும் சூடானால், ரேடியேட்டரின் உள்ளே அடைப்பு, வாட்டர் பம்ப் இறக்கை அரித்துப்போனது, உறிஞ்சும் வேகத்தில் கீழ் ஹோஸ் சப்பிக்கொள்வது என்று தேடலாம். உங்கள் வண்டி சொல்வது அதை அல்ல.

வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் உடனேயோ சில நொடிகளிலோ ஃபேன் ஓட வேண்டும். ஓடினால் மட்டும் போதாது. ஒரு தாளை முன்பக்க கிரில்லில் வைத்துப் பாருங்கள். தாள் ஒட்டிக்கொண்டு நின்றால் காற்று வருகிறது. நழுவி விழுந்தால் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்து வேகம் குறைந்திருக்கலாம். தாளை வெளியே தள்ளினால் யாரோ ஒயரை மாற்றிக் கொடுத்து ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது! சிரிக்காதீர்கள், மோட்டார் மாற்றிய பழைய வண்டிகளில் இது நடப்பதுதான்.

ஃபேன் ஓடவே இல்லையா? ஃபியூஸ், ரிலே, எர்த் ஒயர் மூன்றையும் பாருங்கள். ரேடியேட்டரிலேயே ஃபேன் சுவிட்ச் பொருத்திய பழைய மாடல் என்றால் ஒரு சுலபமான சோதனை உண்டு. இன்ஜினை அணைத்து, சாவியை ஆனில் வைத்து, சுவிட்சின் சாக்கெட்டைக் கழற்றி, அதிலுள்ள இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணையுங்கள். ஃபேன் சுற்றினால் மோட்டார் நல்லது, சுவிட்ச்தான் போய்விட்டது. கை மட்டும் இறக்கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும். ஃபேனை இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) இயக்கும் வண்டியில் இந்த வேலை வேண்டாம். அங்கே இருப்பது சுவிட்ச் அல்ல, சென்சார்.

ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். முன்பு எப்போதோ கழற்றியவர் திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார். கூடு இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் பக்கவாட்டுக் காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும்.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியாத அழுக்கு. முன்னால் நிற்கும் ஏசி கண்டன்சருக்கும் (ஏசியின் சூட்டை வெளியேற்றும் பாகம்) ரேடியேட்டருக்கும் இடையிலுள்ள இடுக்கில் தூசியும் பூச்சியும் பஞ்சும் சேர்ந்து கம்பளி போலப் படிந்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் எல்லாம் சுத்தமாகத்தான் தெரியும். இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான அழுத்தத்தில் தண்ணீர் அடியுங்கள். வேகமாக அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

மூன்றாவது, ரேடியேட்டர் மூடி. இருக்கும் பாகங்களிலேயே மலிவானது, அதனாலேயே யாரும் மதிப்பதில்லை. மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் உள்ளே இருக்கும் நீர் 100 டிகிரியிலும் கொதிக்காமல் இருக்கிறது; 0.9 பார் மூடியில் வெறும் தண்ணீரே ஏறக்குறைய 118 டிகிரி வரை தாங்கும். ரப்பர் வாஷர் விறைத்துப் போனால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். இன்ஜின் குளிர்ந்த பிறகும் ரிசர்வ் டப்பாவிலுள்ள கூலண்ட் ரேடியேட்டருக்குத் திரும்பவில்லையா? மூடியையும் அந்தச் சின்ன ஹோஸையும் சந்தேகப்படுங்கள். மூடியில் எழுதியிருக்கும் அதே அழுத்த அளவில் புதிது வாங்குங்கள். சூடாக இருக்கும்போது அதைத் திறக்கவே கூடாது. அழுத்தம் போன அடுத்த கணம் நீர் ஆவியாகி முகத்தில் அடிக்கும்.

தெர்மோஸ்டாட் விஷயத்தில் எனக்கு உங்கள் மெக்கானிக்மேல் கொஞ்சம் கோபம். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியையும் அடைக்கும். அதைக் கழற்றிவிட்டால் சூடான நீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். நெரிசலில் அது இன்னும் கெடுதல். காலையில் இன்ஜின் சூடேறவும் நேரமாகும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். உங்கள் இன்ஜினுக்குரிய டிகிரியில் புதிது போடுங்கள். பொருத்தும் முன் ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டு, தெர்மாமீட்டரோடு சூடாக்கிப் பாருங்கள். 82 என்று அச்சிட்டிருந்தால் அந்த அளவை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும்.

மாட்டிய பிறகு, குளிர்ந்த இன்ஜினில் பாதிக்குப் பாதி கூலண்டும் காய்ச்சி வடித்த நீரும் கலந்து ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்றுக் குமிழ்கள் நிற்கும்வரை ஓடவிடுங்கள். உள்ளே ஏர் லாக் இருந்தால் புதுப் பாகம் போட்டும் முள் ஏறும். ஒழுகலை அடைக்கும் பவுடரை மட்டும் போடாதீர்கள். ஒழுகும் ஓட்டையோடு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களும் அடைபடும்.

ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழ்ப்பாகத்துக்கும் இடையிலுள்ள சீல்) போய்விட்டதோ என்ற பயம் இருந்தால் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடத்தில் மேல் ஹோஸை அழுத்திப் பாருங்கள். நீர் சூடாகும் முன்பே ஹோஸ் கல்லாக இறுகியிருந்தாலோ, வெளியே சொட்டில்லாமல் கூலண்ட் குறைந்துகொண்டே வந்தாலோ, இன்ஜினுக்குள் பெட்ரோல் எரிந்து வரும் வாயு நீருக்குள் புகுகிறது என்று சந்தேகிக்கலாம். கூலண்டில் அந்த வாயு கலந்திருக்கிறதா என்று காட்டும் நீலத் திரவச் சோதனை ஒர்க்‌ஷாப்பில் உண்டு. நிறம் மாறினால் கலந்திருக்கிறது. நீங்கள் சொன்ன அறிகுறியை வைத்துப் பார்த்தால் அது வரை போகாது என்றே நினைக்கிறேன்.

அதுவரை வழியில் முள் ஏறினால் ஏசியை அணையுங்கள், ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள், வியர்த்துக் கொட்டினாலும் பரவாயில்லை. இறங்கவில்லை என்றால் ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். பச்சைத் தண்ணீரை மேலே ஊற்றாதீர்கள், சூடான ஹெட் விரிசல் விடலாம். இன்னொன்று: ஆவி பறக்கும்போது முள் திடீரென்று கீழே விழுந்தால் சந்தோஷப்படாதீர்கள். சென்சாரைத் தொட நீரே மிச்சமில்லாதபோதும் அது அப்படித்தான் விழும்.