கேட்டில் நின்றால் ஏறும் முள்

வண்டி கேள்வி – பதில்

கேள்வி: என்னுடையது 2001 மாடல் மாருதி 800, ஏசி வண்டி. மன்னார்குடியிலிருந்து கும்பகோணம் போகையில் ஓட்டத்தில் ஹீட் முள் பாதியைத் தாண்டாது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பத்து நிமிடம் நின்றால் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் போய்விடுகிறது. கேட் திறந்து இரண்டு கிலோமீட்டர் ஓடியதும் தானாக இறங்குகிறது. ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். நிற்கும்போது சூடு, ஓடும்போது சரி என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று போதும், நிற்கும் வண்டிக்குக் காற்றை இழுத்துத் தர ஃபேன் ஒன்றுதான் வழி. ரேடியேட்டர் உள்ளே அடைத்திருந்தால் வேகத்தில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். ஆகவே ஃபேனிலிருந்து ஆரம்பியுங்கள்.

ஏசியை நிறுத்திவிட்டு, வண்டியை நின்ற இடத்திலேயே ஓட விடுங்கள். முள் பாதிக்குச் சற்று மேலே வரும்போது ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுழல வேண்டும். ஏசி போட்டதும் ஒரு ஃபேன் சுழல்கிறதே என்று திருப்திப்பட வேண்டாம். பல வண்டிகளில் அது, ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்கு உள்ள தனி ஃபேன்.

ஃபேன் சுழலவில்லையா? என்ஜினை நிறுத்தி, முதலில் ஃபியூஸைப் பாருங்கள். பிறகு, தண்ணீர் சூடானதும் ஃபேனை ஓட வைக்கும் தெர்மோ சுவிட்சின் கனெக்டரைக் கழற்றுங்கள். சாவியை ஆன் நிலையில் வைத்து, இரண்டு ஒயர் இருந்தால் அவற்றை ஒரு துண்டு ஒயரால் இணையுங்கள். ஒற்றை ஒயர் என்றால் அதை என்ஜினின் வெறும் உலோகத்தில் தொடுங்கள். ஃபேன் சுழன்றால் சுவிட்ச்தான் பழுது. சுழலாவிட்டால் ஃபேனுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலேயையும், அதன் பிறகு மோட்டாரையும் பாருங்கள். மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்துப் பார்ப்பதுதான் கடைசிச் சோதனை. அப்போதும் நிற்கிற மோட்டார், ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் மெல்லத் தட்டியதும் சுழல ஆரம்பித்தால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. இன்றைக்குத் தட்டி ஓட்டலாம், அடுத்த கேட்டில் அது மறுபடி நிற்கும். ஒரு எச்சரிக்கை: தெர்மோ சுவிட்சுக்குப் பக்கத்திலேயே முள்ளுக்கான சென்சாரும் இருக்கலாம். ஒயரை மாற்றிப் பிடித்தால் ஃபேன் அசையாது, முள் மட்டும் மேலே போகும்.

ஃபேன் சுழல்கிறது, ஆனாலும் சூடு ஏறுகிறது என்றால் அது எந்தப் பக்கம் சுழல்கிறது என்று பார்க்க வேண்டும். மோட்டாரைக் கழற்றி மாட்டியவர் ஒயரை மாற்றி இணைத்திருந்தால் அது தலைகீழாகச் சுழன்று காற்றை முன்பக்கமாகத் தள்ளும். இதைக் கண்டுபிடிக்க ஒரு தாள் போதும். ரேடியேட்டருக்கு முன்னால் பிடித்தால் தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும், விலகிப் பறக்கக் கூடாது. ஃபேனைச் சுற்றியுள்ள கூடு உடைந்து எறியப்பட்டிருந்தாலும் இதே தொல்லைதான். கூடு இல்லாத ஃபேன், ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல் பக்கவாட்டுக் காற்றையே சுற்றிக்கொண்டிருக்கும்.

நம் பக்கத்துக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. தை மாதம் சம்பா அறுவடையில் சாலையிலேயே நெல் காய்கிறது, வைக்கோல் கிடக்கிறது. அந்தப் பதரும் சுணையும் கண்டென்சரைத் தாண்டிப் போய், அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவிலுள்ள இடுக்கில் மெத்தை போலப் படிந்துவிடும். முன்னாலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. மேலே உள்ள போல்ட்டுகளைக் கழற்றி, ரேடியேட்டரை இரண்டு விரல் அளவு பின்னால் சாய்த்து, டார்ச் அடித்துப் பாருங்கள். கை வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். சூடாக இருக்கும் வண்டியில் ஃபேன் சொல்லாமல் சுழலும், விரல் போய்விடும். சாதாரண ஹோஸ் தண்ணீரை என்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக அடியுங்கள். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் பம்ப் வேண்டாம். அது மெல்லிய தகடுகளை மடக்கி, காற்று போகும் வழியை நிரந்தரமாக மூடிவிடும்.

இதெல்லாம் முடியும்வரை கேட்டில் என்ன செய்வது? கேட் மூடியிருந்தால் என்ஜினை நிறுத்திவிடுங்கள். நெரிசலில் ஊர்ந்துதான் போக வேண்டும் என்றால் ஏசியை நிறுத்துங்கள், வண்டியில் ஹீட்டர் இருந்தால் முழுதாகத் திறந்துவிடுங்கள். உள்ளே வெந்துபோகும், ஆனால் அந்தச் சூடு என்ஜினை விட்டு இறங்கியதுதான். முள் சிவப்பைத் தொட்டுவிட்டால் ஓரமாக நிறுத்துங்கள். அதன் பிறகு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். என்ஜினின் மேல்பாகமான அலுமினிய ஹெட் வளைய அதுவே போதும். ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். 0.9 என்று அழுத்த அளவு போட்ட மூடிக்குள் தண்ணீர் ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காமல் அடங்கியிருக்கும். திறந்த கணமே அது ஆவியாகி முகத்தில் அடிக்கும். அரை மணிக்கு மேல் ஆறவிட்டு, மேல் ஹோஸை அமுக்கிப் பார்த்து, அது மெத்தென்று இருந்தால் தடித்த துணி போட்டு மெதுவாகத் திருப்புங்கள். சூடான என்ஜின் மேல் வாய்க்கால் தண்ணீரைக் கொட்டுவதும், வெறும் ரேடியேட்டரில் குளிர்ந்த தண்ணீரை ஒரேயடியாக ஊற்றுவதும் ஹெட்டில் வெடிப்பு விழ வழி செய்யும்.

கேள்வி: 1998 அம்பாசடர் டீசல். ஊருக்குள் ஓட்டினால் தொந்தரவு இல்லை. ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு நாகப்பட்டினம் ரோட்டில் 60-க்கு மேல் போனால் சூடு ஏறுகிறது, வேகத்தைக் குறைத்தால் இறங்குகிறது. போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். தெர்மோஸ்டாட்டைப் போன வருடமே எடுத்துவிட்டார்கள்.
– வாசகர், வேதாரண்யம்

பதில்: உங்களுடையது முந்தைய கேள்விக்கு நேர் எதிர். காற்று தாராளமாக வருகிறது, தண்ணீர் ஓட்டம்தான் போதவில்லை. கடலோர போர் தண்ணீரின் உப்பு ரேடியேட்டர் குழாய்களுக்குள் சுண்ணாம்பாகப் படிந்திருக்கும். ரேடியேட்டரைக் கழற்றி, கீழ் வாயை உள்ளங்கையால் அடைத்து, முழுக்கத் தண்ணீர் நிரப்பிக் கையை எடுங்கள். குபீரென்று கொட்ட வேண்டும். நூலாக வடிந்தால் அடைப்பு.

பழைய அம்பாசடர் ரேடியேட்டர் செம்பு, பித்தளையால் ஆனது என்பது உங்களுக்கு அனுகூலம். மேல் தொட்டியின் பற்றவைப்பை உருக்கி எடுத்து, ஒவ்வொரு குழாயிலும் மெல்லிய தகட்டுக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து மறுபடி பற்றவைக்கலாம். ரேடியேட்டர் கடைக்காரர்கள் இதை ராடு அடிப்பது என்பார்கள். பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினிய ரேடியேட்டருக்கு இது நடக்காது. உப்பை எடுத்ததும் சில இடங்களில் ஒழுகலாம். அதுவரை ஓட்டையை உப்புதான் அடைத்து வைத்திருந்தது என்று பொருள். ஆகவே பிரஷர் வைத்துச் சோதித்த பிறகே வாங்குங்கள். அதோடு என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டு டிரெயினையும் திறந்து, சேறு வராமல் தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசுங்கள். ரேடியேட்டரை மட்டும் சுத்தம் செய்தால் பிளாக்கில் கிடக்கும் துரு ஒரே மாதத்தில் அங்கே வந்து சேரும்.

கீழ் ஹோஸையும் பாருங்கள். ஒருவர் ஆக்சிலேட்டரை உயர்த்த, நீங்கள் பக்கத்தில் நின்று கவனியுங்கள். ஹோஸ் சப்பையானால் வாட்டர் பம்பின் உறிஞ்சல் தாங்காமல் மடிகிறது, மாற்றுங்கள். உங்கள் வண்டியில் ஃபேனும் பம்பும் ஒரே பெல்ட்டில் ஓடுகின்றன. இரண்டு புல்லிக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் பெல்ட் ஒரு சென்டிமீட்டர் அளவு இறங்கலாம், அதற்கு மேல் கூடாது.

என்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் அடைத்து வைக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அதைத் திரும்பப் போடுங்கள். அதை எடுத்தால் வண்டி குளிர்ச்சியாக ஓடும் என்பது நம் பட்டறைகளில் வேரூன்றிய தவறான நம்பிக்கை. நல்ல ரேடியேட்டரில் என்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் டீசலைக் குடிக்கும், சிலிண்டர் தேயும். கெட்ட ரேடியேட்டரில் நோயைக் கொஞ்ச நாள் மறைக்கும், அவ்வளவுதான். புதிதாக வாங்கியதை நூலில் கட்டி, பாத்திரத் தண்ணீரில் அடியைத் தொடாமல் தொங்கவிட்டுச் சூடேற்றுங்கள். அதில் 82 என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டையொட்டித் திறக்கத் தொடங்கி, கொதி வருவதற்குள் நன்றாகத் திறந்திருக்க வேண்டும். பழைய தெர்மோஸ்டாட்டுக்கும் இதே சோதனைதான்.

இனி போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கூலண்ட் கலந்து ஊற்றுங்கள். கலக்க வேண்டிய வகை என்றால் பாதிக்குப் பாதிக்கு மேல் போகாதீர்கள். கூலண்டை விடத் தண்ணீர்தான் சூட்டை நன்றாகச் சுமக்கும். நம் ஊரில் தண்ணீர் உறையப் போவதில்லை, நமக்கு வேண்டியது அதிலுள்ள துருத் தடுப்பு மருந்து. கலந்தே விற்கும் வகையில் ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்க்கக் கூடாது.

கேள்வி: வாரம் அரை லிட்டர் தண்ணீர் குறைகிறது. தரையில் ஒரு சொட்டு இல்லை. எங்கே போகிறது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: முன் இருக்கையில் கால் வைக்கும் இடத்தில் மிதியடியைத் தூக்கிப் பாருங்கள், ஹீட்டர் ஒழுகினால் அங்கே ஈரம் இருக்கும். வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ காய்ந்த தடம் இருந்தால் பம்ப் சீல் போயிருக்கிறது. சூடான உலோகத்தில் பட்டு உடனே ஆவியாவதால் தரைக்குச் சொட்டாது.

இரண்டும் இல்லையென்றால், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். காலையில் குளிர்ந்த வண்டியில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழ் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீரில் கலக்கிறது. மூடி போட்டு ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்தில், என்ஜின் சூடாகும் முன்பே மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலும் அதுவேதான். ஆயில் குச்சியில் பால் காபி நிறம் தெரிந்தால் வண்டியை ஓட்டாதீர்கள், தண்ணீர் கலந்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும். கேஸ்கட் மட்டும் மாற்றினால் போதாது. ஹெட்டில் கேஸ்கட் உட்காரும் முகத்தின் மேல் நேர்விளிம்பு (வளையாத நேரான பட்டை) வைத்து, இடுக்கில் ஃபீலர் கேஜ் (அளவு பொறித்த மெல்லிய தகடு) விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சிறிய என்ஜின்களில் 0.05 மில்லிமீட்டர் தகடு நுழைந்தாலே லேத்தில் முகம் அடிக்க (மட்டமாகச் சீவ) வேண்டும். அதைச் செய்யாமல் பூட்டினால் அதே கேஸ்கட் மறுபடி போகும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால், இரண்டு மூன்று சுற்றாக இறுக்க வேண்டும்.

கேள்வி: பழைய ஆம்னி. காலையில் சாவியைத் திருப்பியதுமே ஹீட் முள் உச்சிக்குப் போய்விடுகிறது. என்ஜின் ஜில்லென்று இருக்கிறது.
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: என்ஜினில் கோளாறு இல்லை. சென்சாரின் ஒயரைக் கழற்றுங்கள். முள் இறங்கினால் சென்சார் பழுது. இறங்காவிட்டால் ஒயர் எங்கோ உறை தேய்ந்து பாடியில் படுகிறது, எலி கடித்திருக்கவும் கூடும். சரிசெய்யும்வரை முள்ளை நம்பி ஓட்டாதீர்கள், உண்மையிலேயே சூடு ஏறினாலும் அது சொல்லாது.