87ல கல்யாணம் ஆன பொண்ணுக்கு பூர்வீக நிலத்துல பங்கு உண்டா?

கே.வி.குப்பம் பக்கத்துல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. தாத்தா 1952ல தவறிட்டாரு, அவரோட நாலரை ஏக்கர் ஒரே பையனான அப்பா கைக்கு வந்துச்சு, அப்பா 2019ல உயில் எழுதாமலே போயிட்டாரு, இப்ப அம்மா, இவங்க, தம்பி மூணு பேர்தான். தம்பி ஒரு லட்சத்த கைல வெச்சிகினு பங்க விட்டுக்குடுக்குற விடுதலை பத்திரத்துல கையெழுத்து போடுன்னு நிக்கிறாராம், பத்திரம் எழுதுறவரு வேற "89க்கு முன்னாடி கட்டிக்குடுத்த பொண்ணுக்கு பங்கு கிடையாதும்மா"ன்னு சொல்லிட்டாராம்.

அக்கா, மொதல்ல பேனாவ கீழ வைங்க. அவரு சொன்னது பொய் இல்ல, பழசு. தமிழ்நாட்டுல 1989 மார்ச் 25ல அமலுக்கு வந்த இந்து வாரிசு சட்டத் திருத்தம், அன்னிக்கு கல்யாணம் ஆகாம இருந்த பொண்ணுக்கு மட்டும்தான் பையன் மாதிரி பங்கு குடுத்துச்சு, 87லயே தாலி கட்டிகினு போன உங்கள வெளியவே விட்டுடுச்சு. ஆனா 2005 செப்டம்பர் 9ல வந்த மத்திய சட்டத்துல அந்த கல்யாண கண்டிஷனே இல்ல, பொறந்ததாலயே பங்குன்னு 2020ல வினீதா சர்மா வழக்குல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு.

கணக்கு பாருங்க. தாத்தா 1956 வாரிசு சட்டத்துக்கு முன்னாடியே போயிட்டதால இது பூர்வீகம். அப்பா, தம்பி, நீங்க ஆளுக்கு ஒன்றரை ஏக்கர், அப்பாவோட ஒன்றரைய அம்மாவும் நீங்க ரெண்டு பேரும் பிரிச்சா ஆளுக்கு அரை. ஆக உங்களுக்கு முழுசா 2 ஏக்கர். அதுக்கு ஒரு லட்சமாம்!

நகை போட்டோம், சீர் செஞ்சோம்னு தம்பி கேப்பாரு, கோர்ட்ல அது பங்குல கழியாது. (நம்ம பக்கம் அண்டா குண்டான வரைக்கும் சீர் லிஸ்ட்ல எழுதுவாங்க, நிலத்த மட்டும் யாரும் எழுதுனதில்ல.) அப்பவே வாயால பிரிச்சிட்டோம்னு சொன்னாலும் சும்மா நிக்காது, 2004 டிசம்பர் 20க்கு முன்னாடி ரிஜிஸ்டர் ஆன பாகப்பிரிவினையோ கோர்ட் தீர்ப்பாணையோ (டிகிரி) இருந்தாதான் உங்க கேஸ் வீக். அதனால வில்லங்கம் போட்டு பாத்துடுங்க, அப்புறம் வக்கீல் நோட்டீஸ், ஒத்து வரலன்னா பாகப்பிரிவினை வழக்கு, கூடவே நிலத்த விக்காம இருக்க தடை கேக்கலாம். வக்கீலுக்கு காசு இல்லன்னு யோசிக்காதீங்க, பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்ளோ இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, 15100க்கு போன் பண்ணுங்க.

அம்மாவுக்கும் அரை ஏக்கர் இருக்கு, அவங்ககிட்ட ஏற்கனவே எதுலயாவது கைநாட்டு வாங்கிட்டாங்களான்னு இன்னிக்கே கேளுங்க.