கொடுத்த வாக்கை மீறிவிட்டு, ஜெபத்தில் மன்னிப்புக் கேட்டால் போதுமா?

போதாது. வாக்கு யாருக்குக் கொடுத்தீர்களோ, அவர் மனது வைத்தால்தான் அதிலிருந்து விடுதலை. மூன்று மாதத்தில் தருகிறேன் என்று வாங்கிய கைமாற்று இரண்டு வருடமாக நிற்கும்போது, ஞாயிறு ஆராதனையில் அழுதாலும் கொடுத்தவர் கைக்கு ஒரு ரூபாய்கூடப் போய்ச் சேரவில்லை.

லேவியராகமம் 6-ஆம் அதிகாரம் இதைக் கணக்காகவே சொல்கிறது. நம்பி ஒப்படைத்ததை இல்லையென்று மறுத்தவன், முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி உரியவனிடம் கொடுக்க வேண்டும். பத்தாயிரம் என்றால் பன்னிரண்டாயிரம். அதே நாளில் பலியும் செலுத்த வேண்டும். ஒன்று மற்றதற்கு ஈடாகாது. மத்தேயு 5:23, 24-இல் இயேசு சொல்வதும் இதுதான்: காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு.

பழைய ஏற்பாட்டில் கிபியோனியர் விஷயத்தைப் பாருங்கள். இவர்கள் கானான் நாட்டில் பக்கத்திலேயே குடியிருந்தவர்கள். பூசணம் பூத்த அப்பத்தைக் காட்டி, தூரதேசத்தார் என்று ஏமாற்றித்தான், தங்களைக் கொல்லக் கூடாது என்று இஸ்ரவேலின் தலைவன் யோசுவாவிடம் உடன்படிக்கை வாங்கினார்கள். மூன்று நாளில் குட்டு உடைந்தது. ஆனாலும் ஆணையிட்டாயிற்று என்று இஸ்ரவேலின் பிரபுக்கள் அவர்களை உயிரோடு விட்டார்கள். பிற்பாடு சவுல் ராஜா அதை மீறி அவர்களைக் கொன்றான். அவனுக்குப் பின் ராஜாவான தாவீதின் காலத்தில் மூன்று வருடம் பஞ்சம். சவுல் செய்ததே காரணம் என்று கர்த்தரிடமிருந்து தெரிந்தபின், தாவீது கிபியோனியரையே அழைத்து, உங்களுக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டான். பாதிக்கப்பட்டவனைக் கேட்காமல் தீராது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

உண்மையிலேயே கையில் காசு இல்லையென்றால்? பிணை நின்று மாட்டிக்கொண்டவனுக்கு நீதிமொழிகள் 6 சொல்லும் வழி இதற்கும் பொருந்தும்: தூங்காதே, உடனே போ, தாழ்ந்து கேள். தவணை தேதிக்கு முன்பே நேரில் போங்கள். போனை எடுக்காமல் ஒளிவதில்தான் கடனைவிட நம்பிக்கை அதிகம் கெடுகிறது. "முப்பதாயிரத்தில் இப்போது ஐந்து இருக்கிறது, மீதியை மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறாகப் பத்து மாதத்தில் தருகிறேன், சம்மதமா அண்ணா?" என்று தொகையும் தேதியும் சொல்லிக் கேளுங்கள். தரமுடிகிற தொகையை மட்டும் சொல்லுங்கள். இரண்டாவது வாக்கும் தவறினால் மூன்றாவதை யாரும் கேட்க மாட்டார்கள்.

செய்வதே பாவம் என்றால் அந்த வாக்கு கட்டுப்படுத்தாது. ஏரோது விருந்தாளிகள் முன் ஆணையிட்டதற்காக யோவான் ஸ்நானனைக் கொன்றது வாக்குத் தவறாமை ஆகாது.

கடவுளுக்குச் செய்த பொருத்தனை, அதாவது நேர்ச்சை, வேறு. கத்தோலிக்கர் பங்குத்தந்தையிடம் போகலாம். பிறர் உரிமை பாதிக்கப்படாத தனிப்பட்ட நேர்ச்சைக்குத் தக்க காரணம் இருந்தால் அவர் விலக்கு அளிக்கலாம். சமமான அல்லது மேலான நற்செயலாக நேர்ந்தவரே மாற்றிக்கொள்ளவும் திருச்சபைச் சட்டம் இடம் தருகிறது. நேர்ச்சை நேர்ந்தவரை மட்டுமே கட்டும். மகனைக் குருவாக்குகிறேன் என்று தாய் நேர்ந்தால், மகன் அதற்குக் கட்டுப்பட்டவன் அல்ல.

நம் சபைகளில் அதிகம் சேதம் செய்வது ஒரு சின்ன வார்த்தை: "ஜெபித்துச் சொல்கிறேன்." முடியாது என்று மனதில் முடிவெடுத்த பிறகும் இதைச் சொல்கிறோம், எதிரே இருப்பவர் வாரக்கணக்கில் காத்திருக்கிறார். "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும்" சொல்லுங்கள் என்ற இயேசுவின் கட்டளை மீறப்படுவது பெரும்பாலும் இங்கேதான். "இந்த வருடம் என்னால் முடியாது, தம்பி" என்று அப்போதே சொல்லிவிட்டால் அவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்.